மனசாட்சி நேரம்

பள்ளிக்கூடம் என்றாலே அமராவதிக்கு ஆகாது என்று சொல்ல முடியாது. பண்ருட்டிப் பக்கம் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கே அடித்தார்கள், முட்டி போட வைத்தார்கள், பிள்ளைகளும் நல்லபடியாகப் பொய் சொல்லத் தெரிந்துகொண்டு வெளியே வந்தார்கள். அவள் வயிற்றெரிச்சல் முழுக்கப் புருஷன் மணிவண்ணன் படித்த பள்ளிக்கூடத்தின் மேல்தான். சிதம்பரத்துக்கு வெளியே, சவுக்குத் தோப்புக்குள் இருக்கிற நல்விதைப் பள்ளி. அங்கே பரீட்சை கிடையாது, பிரம்பு கிடையாது, ரேங்க் கிடையாது. டீச்சரை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே படித்தவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும், வட்டமாக உட்கார்ந்து பேசத் தெரியும், பிழைக்க மட்டும் தெரியாது.

2011 மே மாதம் அந்தப் பள்ளிக்கு வெள்ளி விழா. கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே, மகள் சினேகாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மணிவண்ணனோடு அமராவதியும் வந்தாள். விழா பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. அவளுக்குக் கலியபெருமாளைப் பார்க்க வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். மணிவண்ணன் குடிகாடு பக்கம் ஒரு சாயக் கம்பெனியில் ஆபரேட்டர். போன மாதம் அங்கே யாரோ நேரம் பார்க்காமல் ஒரு வால்வைத் திறந்துவிட, புகை கிளம்பி, காண்டிராக்ட் ஆள் காத்தவராயன் மூச்சுத் திணறி விழுந்தான். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். முதலாளி அன்றைய ஷிப்டு ஆட்களை எல்லாம் கேண்டீனில் உட்கார வைத்தார். திறந்தவன் யாரென்று தெரிகிற வரைக்கும் ஒருத்தனுக்கும் சோறும் கிடையாது, வீடும் கிடையாது என்றார். சாயங்காலம் வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு இந்த மகராசன் எழுந்து நின்றான். "நான்தான் சார்." அன்றைக்கே சஸ்பெண்டு. விசாரணை நாளைக்கு. அங்கேயும் இதையே சொன்னால் வேலை போகும், போலீஸ் கேஸும் ஆகும்.

"பண்ணதுதான் பண்ணீங்க, வாய மூடிக்கினு இருந்தா இன்னா?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

"யாராச்சும் சொல்லித்தான ஆவணும், அமராவதி."

இந்த பதிலைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர் கலியபெருமாள், மணிவண்ணனோடு ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் தண்டனை குறையும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வந்தாள்.

தோப்புக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். வந்திருந்த பழைய மாணவர்களைப் பார்க்கப் பார்க்க அமராவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பரீட்சையே குழந்தையைக் கொல்லும் விஷம் என்று மேடையில் முழங்கினவன், தன் பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தள்ளி மார்க்குக்குப் பிழிந்துகொண்டிருந்தான். மனிதரெல்லாம் சமம் என்று பேசின அம்மாள், வேலைக்காரப் பெண்ணைப் பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்கார வைத்திருந்தாள். கைத்தறிச் சட்டைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. நல்ல விதைதான், முளைத்திருக்கிற அழகைப் பாரேன்!

கலியபெருமாள் முதல் வரிசையில் இருந்தான். அமராவதி போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா மொதலாளி கேப்பாரு."

"நான் இன்னா தங்கச்சி பண்றது? அவனே ஒத்துக்கினான்." அவன் குரலில் தேன் ஒழுகியது. "உண்மைய சொல்ற தைரியம் யாருக்கு வரும்? நம்ம ஸ்கூலு அவன அப்பிடி வளத்துச்சு. நீ பெருமப்படணும்."

பெருமையைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் கொடுத்தால் அரிசி போடுவானா என்று கேட்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு திரும்பி வந்து மணிவண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது இம்தியாஸ் மைக்கைப் பிடித்தான். சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிறவன், அன்றைய பிரியாணி அவன் செலவு.

"நம்ம மனசாட்சி நேரம் ஞாபகம் இருக்கா? யாராச்சும் தப்பு பண்ணிட்டா ராஜாமணி அக்கா அடிக்க மாட்டாங்க, விசாரிக்க மாட்டாங்க. பண்ணவங்களே எழுந்து நிக்கட்டும், அதுவரைக்கும் யாரும் சாப்புட வேணாம்னு சொல்லிட்டு அவுங்களும் பட்டினியா ஒக்காந்துடுவாங்க. கெணத்து ராட்டினத்த ஒடச்சவன் நானு. எழுந்து நின்னவன் யாரு? நம்ம மணி! சின்னப் புள்ளைங்க பசியில அழுதா அவனுக்குத் தாங்காது. யாரு பண்ணியிருந்தாலும் அவன் எழுந்துடுவான், நாங்க தட்ட தூக்கிக்கினு ஓடிடுவோம்!"

பந்தல் குலுங்கச் சிரித்தது. ராஜாமணி அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மணிவண்ணனும் கூச்சத்தோடு சிரித்தான். அமராவதி ஒருத்திதான் சிரிக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இங்க பாருங்க. அந்த வால்வ தொறந்தது யாரு?"

மணிவண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க பொண்ணு தலையில கைய வெச்சு சொல்லுங்க."

"கலியன்தான்," என்றான் மெதுவாக. "லோடு லேட்டாவுதுன்னு அவனே வந்து தொறந்தான். காத்தவராயன் உள்ள இருக்கான்னு நான் சொல்றதுக்குள்ள தொறந்துட்டான். நான் மட்டும்தான் பாத்தேன். கேண்டீன்ல எல்லாரும் பட்டினியா ஒக்காந்திருந்தாங்க, அமராவதி. சுகர் இருக்கிற ஆளுங்கள்லாம் இருந்தாங்க."

அட பாவி மனுஷா! செய்த தப்பை ஒத்துக்கொண்ட முட்டாள் என்றல்லவா இத்தனை நாளாக இவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். இவன் அதற்கும் மேலே. யாரோ செய்ததற்கு எழுந்து நிற்பதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இவனைச் சோறு போட்டுப் பழக்கி அனுப்பியிருக்கிறது. அதைச் சொல்லிச் சிரிக்க இன்றைக்கு ஒரு விழா வேறு.

மேடையில் ராஜாமணி அக்கா, இன்றைக்கும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை மனசாட்சி நேரம் வைக்கலாம் என்றார். ஒரே கைதட்டல். ஒருத்தி எழுந்து சாக்பீஸ் திருடினதைச் சொன்னாள். ஒருவன் எழுந்து தவளையைத் தண்ணீர்ப் பானையில் விட்டதைச் சொன்னான். கலியபெருமாளும் எழுந்து, அக்கா வீட்டு மரத்துக் கொய்யாவைப் பறித்தது தன் மனசை இன்றைக்கும் உறுத்துகிறது என்றான். அதற்குத்தான் ஜாஸ்தி கைதட்டல்.

"சரி, சாப்பிடப் போகலாம்," என்றார் அக்கா.

அமராவதி விறுவிறுவென்று நடந்துபோய், திறந்திருந்த பிரியாணி அண்டாவைத் தட்டால் மூடி, அதன் முன்னால் நின்றாள்.

"இன்னும் முடியல. குடிகாட்டு கம்பெனி ஆளு காத்தவராயன்னு ஒருத்தன் ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிச்சிக்கினு கெடக்கறான். வால்வ தொறந்து அவன அந்தக் கதிக்கு ஆளாக்குன ஆளு இந்தப் பந்தல்லதான் இருக்காரு. நான் விசாரிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன். அவரே எழுந்து நிக்கட்டும். அதுவரைக்கும் யாரும் சாப்புட வேணாம்."

சிரிப்பு நின்றுபோனது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பந்தலில் இருந்த அத்தனை தலையும் மணிவண்ணன் பக்கம் திரும்பின. படித்த படிப்பு ஒருத்தருக்கும் மறக்கவில்லை.

வெயில் ஏறியது. குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள். மணிவண்ணன் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றினான். போச்சு, எழுந்துவிடுவான் என்று நினைத்தாள் அமராவதி.

"அப்பா, பசிக்குதுப்பா," என்றாள் சினேகா.

"மணி," என்றார் ராஜாமணி அக்கா கனிவாக. "கொழந்தைங்க பாவம்டா."

அமராவதிக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, இவுரு பண்ணலன்னு தெரிஞ்சேதான் அப்பல்லாம் இப்பிடி கூப்புட்டீங்களா?"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மணிவண்ணன் அக்காவை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு முட்டியிலிருந்து கையை எடுத்து மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு," என்றான். தலையை நிமிர்த்தினான். "அந்த வால்வ நான் தொறக்கல அக்கா. தொறந்தவன நான் பாத்தேன். நாளைக்கு விசாரணையில அவன் பேரச் சொல்லுவேன். அவனே இப்ப சொன்னா நல்லது."

இப்போது தலைகள் மெதுவாக முதல் வரிசைக்குத் திரும்பின. அங்கே மணிவண்ணனின் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் என்று ஒரே ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தான்.

கலியபெருமாள் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தான். அது அடித்ததை யாரும் கேட்கவில்லை.

"பிளான்ட்ல இருந்து போனு, அவசரம்," என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

அமராவதி அண்டாவின் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அதான் எழுந்துட்டாரே," என்றாள். "எலைய போடுங்க."