ஏணியின் அரை விரல்

உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்துப்போன கோமாளிகளோடுதான் நான் அதிகம் குடும்பம் நடத்துகிறேன் என்பது என் கணவரின் புகார். பொய்யென்று சொல்ல முடியாது. வேதியியல் வகுப்பு என் பிழைப்பு. ஊமைப்படக் காலத்தில் விழுந்து புரண்டு சிரிக்க வைத்தவர்களைத் தேடிப் பிடிப்பது என் பைத்தியம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் அவர்கள் படங்களைப் போட்டுக் காட்டுவேன். நாற்பது பேர் வந்துவிட்டால் அன்று எனக்குக் கால் தரையில் பாவாது.

நான்கு வருடமாக என்னை ஆட்டிப் படைத்தவர் 'ஏணி'. நல்ல உயரம் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவர் நடித்ததில் மிஞ்சியது மூன்றரை நிமிடத் துண்டு. இடது கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு மாடிப்படியில் உருண்டு வருவார், வலது கை கைப்பிடியைத் தேடித் துழாவும், ஒரு தட்டுகூட உடையாது. இடதுகைக்காரரின் நளினம் என்று நான் ஒரு கட்டுரையே எழுதி, வெட்கமில்லாமல் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஆனால் அது ஏணிதான் என்பதற்கு, பிலிம் டப்பாவில் யாரோ பென்சிலால் எழுதியிருந்த பெயர் ஒன்றுதான் சாட்சி. முகம் முழுக்கப் பவுடர், ஒட்டுமீசை. தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும் என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தேன். அவருடைய மகள் கிடைத்தார். எண்பது வயது, ஓய்வுபெற்ற தையல்காரர். காட்சி ஐந்து மணிக்கு என்றால் அவர் மூன்று மணிக்கே மாடியேறி வந்துவிட்டார்.

"அப்பா தபால் ஆபீஸ்ல மூட்டை தூக்கிட்டிருந்தாரும்மா," என்றார், மூச்சு வாங்க உட்கார்ந்து. "சினிமாவுல நடிச்சேன்னு சொல்வாரு. வீட்டுல ஒருத்தரும் நம்பல. புளுகன்னே பேரு வச்சுட்டாங்க. எனக்குப் பன்னெண்டு வயசுல, கூட்டாளிங்க முன்னாடி விழுந்து காட்டினாரு. எல்லாம் சிரிச்சுதுங்க. நான் மட்டும், 'போதும்ப்பா, மானத்தை வாங்காதே'ன்னுட்டேன். அதோட சரி. சாகற வரைக்கும் வாயே திறக்கல."

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று புரிந்தது. படத்தைப் போட்டேன்.

மூன்றரை நிமிடமும் அவர் இமைக்கவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எங்கப்பா இல்லம்மா."

"நல்லாப் பார்த்தீங்களாம்மா?"

"அப்பாவுக்கு இடது கையில மோதிர விரல் பாதிதான். அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன், மறக்குமா? இந்த ஆளுக்கு வலது கையிலதானே குறை இருக்கு!"

ஒளிப்பானேன்? முதலில் எனக்குக் கவலை என் கட்டுரையைப் பற்றித்தான். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். எண்பது வயது முகம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகம்போலச் சுருங்கியிருந்தது. "அப்போ புளுகுதான் போலிருக்கு," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலி போட்டுக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. படத்துல அந்த ஆளு போட்டிருந்த கோட்டை எந்த மடையன் தைச்சான்?"

"ஏம்மா?"

"ஆம்பளைக் கோட்டுல பட்டன் போட்டா இடது பக்கம்தான் மேல வரணும். இதுல வலது பக்கம் மேல இருக்கு. பொம்பளைக் கோட்டுக்குத்தான் இப்படித் தைப்போம். பின்னால நிக்கிற மூணு பேருக்கும் அப்படியேதான் இருக்கு. ஒருத்தன் தப்பா தைப்பான், நாலு கோட்டையுமா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். புரட்டி மாட்டினால் இடது வலதாகிவிடும். படத்தில் ஒரே ஒரு எழுத்து இடவலம் மாறித் தெரிந்திருந்தால் பிடித்திருப்பேன். இந்தத் துண்டில் பெயர்ப்பலகைகூட இல்லை. கணினியில் ஏற்றியது வேறு யாருமில்லை, நானேதான். நான்கு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் பார்த்தது கண்ணாடிக்குள் தெரியும் மனிதரை.

"அம்மா, உட்காருங்க. ஒரே நிமிஷம்," என்றேன். அவசரத்தில் தப்பான பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். பிறகு படம் புரண்டது.

தட்டுகள் வலது கைக்கு வந்தன. இடது கை கைப்பிடியைத் துழாவியது. அதில் அரை விரல். இடது பக்கம் மேலே வந்த கோட்டுகளோடு நான்கு ஆண்களும் ஒழுங்காக நின்றார்கள்.

அவர் தன் இடது கையின் மோதிர விரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்து மணிக்கு முப்பத்தேழு பேர் வந்தார்கள். என் கட்டுரை தப்பு, அவர் இடதுகைக்காரரே இல்லை, பிலிமைப் புரட்டி மாட்டிய புண்ணியவதி நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அசடு வழிந்தது, வழியட்டும். ஏணியின் மகள் முன்வரிசையில் இருக்கிறார் என்றும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

ஏணி உருண்டார். கூடம் குலுங்கிச் சிரித்தது. என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். படம் முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபின் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அப்பாவை இன்னொரு தடவை விழச் சொல்லும்மா," என்றார். "இந்தத் தடவை நான் சிரிக்கிறேன்."