ஆறாம் பெட்டியின் குரல்

இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே, மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸ் அறையில் கலாராணி ஐந்து மாதமாகத் தனியாக இருந்தாள். அம்மா இறந்த பின் பதுளை வீட்டைப் பூட்டிவிட்டு இந்த ஆராய்ச்சி வேலைக்கு வந்தவள். எதிர்மலைச் சரிவில் எட்டுப் பெட்டிகளைப் புதைத்திருந்தாள். மண் எவ்வளவு சாய்கிறது என்பதைப் பெட்டிகள் வானலையில் சொல்லும். அவளுடைய ரிசீவர் அதைக் கேட்கும். சரிவின் அடியில் இருபத்திரண்டு தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் வரிசை வீடுகள், லயம், இருந்தது.

ஐப்பசி மழையில் ஆறாம் பெட்டி பேசாமல் போனது. பேட்டரி செத்திருக்கும், மழை விட்டபின் மாற்றலாம் என்றார்கள் கொழும்பு ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து. கலாராணிக்கு மனம் ஒப்பவில்லை. திரையில் அந்த அலைவரிசை முழுக்க இரைச்சல். அதற்குள் ஏதோ லேசாகத் துடிப்பதுபோல் இருந்தது.

அவளிடமிருந்த ரிசீவர் சாதாரண ரேடியோ அல்ல. மற்ற ரேடியோக்களில் கம்பிச்சுருள் செய்கிற வேலையை இதில் ஒரு சிப் செய்யும். நிரலை மாற்றி எழுதினால் சிப்புக்குள் இணைப்புகளே மாறி, அது வேறொரு ரேடியோவாகிவிடும். பெட்டி ஒவ்வொரு அளவையும் எட்டு முறை அனுப்பும். தனித்தனியாக எதுவும் கேட்காவிட்டாலும், எட்டு முறை வந்ததையும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால் இரைச்சல் அமுங்கி, குரல் மேலே வரும். அப்படிக் கூட்டுகிற ரேடியோவை எழுத உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு திருத்தத்தையும் கணினி சிப்புக்கேற்ப மாற்றித் தர ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் பாண் ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டு, தான் செய்ததைத் தனக்கே உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். இரண்டு நாள் வேறு மனிதக் குரலே இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆறாம் பெட்டி பேசியது. நான்கு பாகை சாய்ந்திருந்தது. அடுத்த அளவில் நாலரை.

கொழும்புக்கு அறிவித்துவிட்டு, தோட்டத் தலைவர் முருகையாவுக்குப் போன் போட்டாள். அவர் அவளை நேரில் பார்த்ததில்லை.

"கட்டாயம் விழுமா மிஸ்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா மண்ணு நகருது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருங்க."

"சரிங்க" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சரிவு இறங்கியது. லயத்தில் பாதி மண்ணுக்குள் போனது. ஆள் ஒருவருக்கும் சேதமில்லை என்று முருகையா அழுதுகொண்டே சொன்னார். போனில் அவருக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. லைன் அறுந்த பிறகும் கலாராணி போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

நாலு நாள் கழித்துப் பாதை திறந்ததும் ஸ்கூலுக்கு நடந்தாள். குடும்பங்களை வேறு முகாமுக்கு லொறியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ரெங்கம்மா என்பவள் மட்டும் கடைசி லொறிக்காக மூட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். யாரைத் தேடி வந்தீங்க என்று கேட்டாள்.

"சும்மா பாக்கத்தாங்க. அன்னிக்குப் போன் பண்ணுனது நான்தான்."

ரெங்கம்மா எழுந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த மூடிக்கிடக்குற ஆபீஸ்ல தனியாவா இருக்கீங்க?"

"ஆமாங்க" என்றாள் கலாராணி. ரெங்கம்மா மூட்டையை நகர்த்தி இடம் விட்டாள். லொறி வரும்வரை இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.