விசில் ஊதும் மாப்பிள்ளை

மலை ஏறுவதற்கும் ஒருவன் பாடம் நடத்த வேண்டும் என்று கேள்விப்பட்டபோதே பெரியநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. பாடம் நடத்தப் போகிறவன் வருங்கால மாப்பிள்ளை.

பெரியநாயகத்துக்குப் பம்பாய் தாராவியில் மளிகைக் கடை. மகள் தங்கமயிலுக்கு வருடக்கணக்காக வரன் தேடி அலுத்துப் போயிருந்தார். சீனச் சண்டை முடிந்த மறு வருடம் செம்பூரிலிருந்து தங்கபாண்டியின் ஜாதகம் வந்தது. ஃபோர்ட்டில் பெரிய கம்பெனி உத்தியோகம், தூரத்து உறவு, பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம். புளியங்கொம்புதான். ஒரே ஒரு கோளாறு, ஞாயிற்றுக்கிழமையானால் ஆபீஸ் சினேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு மலை மலையாக ஏறுவான். அதற்கு ஹைக்கிங் என்று பெயராம். மதுவிலக்கு இருக்கிற ஊரில் எவனும் சும்மா மலைக்குப் போவானா என்று பெரியநாயகம் ரகசியமாக விசாரித்தார். பையன் சோடாகூடக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. கோயிலும் இல்லை, சாராயமும் இல்லை என்றால் உச்சியில் வேறென்ன வைத்திருக்கிறான் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அவனோ, தன்னைக் கட்டிக்கொள்கிறவளுக்கு மலை ஏறத் தெரிய வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளுமாக வந்தால் பழக்கிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினான். வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டுப் பெண் பார்க்கிறவர்களைப் பெரியநாயகம் கண்டிருக்கிறார். பெண்ணை மலையில் ஏற்றிப் பார்க்கிறவனை இப்போதுதான் காண்கிறார்.

"மாடு வாங்குதவன்கூட தெருவுலதான் நடக்கவிட்டுப் பாப்பான்" என்று மகளிடம் பொருமினார். பொருமிவிட்டு, அவன் சொன்னபடியே இரண்டு பேருக்கும் கான்வாஸ் ஷூ வாங்கினார். வரன் அப்படிப்பட்டது.

கல்யாண் ஸ்டேஷனில் வண்டி மாறும்போதே பிளாட்பாரத்தில் பாடம் ஆரம்பமாகிவிட்டது. ஆபீஸ் சினேகிதர்கள் சூழ, அரை டிராயரும் கழுத்தில் விசிலுமாக நின்றான் தங்கபாண்டி. புதிதாக ஏறுகிறவர்கள் தண்ணீரை மடமடவென்று குடிக்கக் கூடாது, மூக்கால்தான் மூச்சு விட வேண்டும், என்ன ஆனாலும் ஷூவைக் கழற்றக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனான். மனிதனுக்கு மூச்சு விடக் கற்றுத் தருகிறவனை என்ன செய்வது என்று பெரியநாயகம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, முக்கியமான ரூலைக் கேட்டுக்குங்க" என்றான் அவன். "பின்னாடி வர்ற ஆளை விட்டுட்டு யாரும் மேல போகக் கூடாது. நான் விசில் அடிச்சா எல்லாரும் என்கிட்ட வந்துடணும்."

இந்த ஒன்று மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. பின்னால் வருகிறவளை விட்டுவிட்டுப் போக மாட்டான் என்றால் மகளைத் தரலாம். மற்றக் கோணங்கித்தனமெல்லாம் ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்.

கர்ஜத்துக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தார்கள். மலையடியில் செந்தூரம் பூசிய கல் ஒன்று நின்றது. எந்தச் சாமியாக இருந்தாலும் சாமி சாமிதான். பெரியநாயகம் கடையிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்திருந்த தேங்காயை உடைத்தார். பிறகு ஷூவைக் கழற்றிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். சாமி இருக்கிற மலையில் செருப்புக் காலோடு ஏறுகிற வழக்கம் அவர் வம்சத்தில் கிடையாது. கிழவர் அடுத்தபடியாக மொட்டை போட ஆள் தேடுவார் என்று தங்கபாண்டி இந்தியில் சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாராவியில் கடை நடத்துகிறவனுக்கு இந்தி தெரியாது என்று எண்ணிவிட்டான் போலும். மாப்பிள்ளை முறுக்கு என்று அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

சிறுவயதில் காடுகரையெல்லாம் சுற்றிய கால் என்ற பெருமை கொஞ்ச தூரத்திலேயே போய்விட்டது. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளங்கால் பூரி மாதிரி ஆகியிருந்தது. பாறை கொதித்தது, முள் தைத்தது. மேலே போகிற மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு முன்னால் பெண் சளைக்காமல் ஏற வேண்டுமே என்று, போ போ என்று கையைக் காட்டினார். அடுத்த வளைவில் எல்லாரும் மறைந்தார்கள்.

கொப்புளம் உடைந்ததும் அவரால் நிற்க முடியவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து மலையைத் திட்டினார், கம்பெனிக்காரனைத் திட்டினார், ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை. ஆனாலும் அவன் திரும்பி வருவான் என்று நம்பினார். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னவன் அல்லவா? மேலே கேட்ட பேச்சுச் சத்தம் தூரப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தது தங்கமயில். தனியாக வந்தாள். சேலைத் தலைப்பு கிழிந்திருந்தது.

மாப்பிள்ளை எங்கே என்றார். அப்பாவைக் காணோம் என்று சொன்னதற்கு, புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் உட்கார்ந்துவிடுவார்கள், இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம், இப்போது நின்றால் உச்சிக்கு நேரமாகிவிடும் என்று அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் பையிலிருந்து அவருடைய ஷூவை எடுத்தாள். கல்லடியிலிருந்து எப்போது எடுத்தாள் என்று அவருக்குத் தெரியாது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"சாமி மல, தாயி."

"சாமி கீழயே நின்னுட்டாரு யப்பா. நான் மேல போய்ப் பாத்துட்டேன். அங்க அந்த ஆளு மட்டுந்தான் இருக்காரு."

 இத்தனை வருடம் பெரியநாயகம் அலைந்து பிடித்த கொம்பு. ஊரில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது? மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை. அவர் காலில் தைத்திருந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கிவிட்டு ஷூவை மாட்டினாள்.

அப்போது உச்சியிலிருந்து விசில் கேட்டது. அவள் நிமிரவில்லை. விசில் மறுபடியும் அதட்டலாக வந்தது. அவள் நாடாவைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பெரியநாயகம் மற்றக் காலையும் நீட்டினார்.

"நல்லா இறுக்கிக் கட்டு தாயி" என்றார். "கீழ எறங்கணும்லா."