அரை எச்.பி. மோட்டார்

என் தொழில் மனு எழுதுவது. தொழில்துறை அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் சின்னக் கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நகலெடுக்கும் மெஷின். உள்ளே போகிறவர்கள் முதலில் என்னிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். பதினோரு வருஷத்தில் நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டேன், அவ்வளவுதான் ரகசியம். காலியாக விட்ட இடத்தில்தான் அவர்கள் கை வைப்பார்கள். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்குக் கல் அறுக்கும் கூடத்தில் வேலை. அறுத்த பாளங்களின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்த்து மெருகு போடுவார். வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், சட்டைப் பை எல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணமான புதிதில் "மாவு மில்லுக்காரர் வந்துட்டாரு" என்று கேலி செய்வேன். ஏழாவது வருஷம் இருமல் வந்தது. எட்டாவது வருஷம் மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூச்சு வாங்க ஆரம்பித்தார். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள போன கல்லுத் தூசிய வெளிய எடுக்க மருந்து கெடையாது. இனிமே போகாம பாத்துக்கிட்டா இப்படியே ரொம்ப நாள் ஓட்டலாம்" என்றார். வேறு வேலை தேடலாம் என்றேன். "நாப்பது வயசுல எவன் குடுப்பான்? எனக்குத் தெரிஞ்சது கல்லு ஒண்ணுதான்" என்று அவர் என் வாயை அடைத்துவிட்டார்.

என் அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். யார் அவசரப்படுத்தினாலும் "கொஞ்சம் இரு" என்பான். பட்டறைத் தெருவில் அவனுக்குப் பேரே கொஞ்சமிரு. தங்கை புருஷன் இருமுவதை மூன்று மாசம் கேட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் கல் கூடத்துக்குப் போய் அரை நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தான். தூசி எல்லாப் பக்கமும் பறக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் அது முதலில் பாய்கிறது, எதிலாவது முட்டிய பிறகுதான் சிதறுகிறது என்று அவன் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். முட்டுகிற இடத்தில் தண்ணீர் இருந்தால்?

அப்படித்தான் தண்ணீர்த் திரை வந்தது. மேஜைக்குப் பின்னால் வளைந்த ஒரு தகரம். அதன் தலையில் ஒரு தொட்டி, வரிசையாகத் துளை போட்ட ஒரு குழாய். தண்ணீர் தகரம் முழுக்கப் படிந்து மெல்லிசாக வழியும். பாய்கிற தூசி அதில் ஒட்டிக்கொண்டு கீழே தட்டில் சேறாக இறங்கும். தெளிந்த தண்ணீரை மறுபடி தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். கரன்ட் வேண்டாம், சத்தம் கிடையாது. மெஷின் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டுக்காரர் உடைந்த கல் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பட்டறைக்குப் போனார். அவர் தேய்ப்பார்; அண்ணன் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டிவைத்து, எதில் எவ்வளவு அழுக்கு என்று பார்த்துத் தகரத்தின் வளைவை மாற்றுவான். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டுக்கொள்வார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை துணி ஏறக்குறைய கட்டினபடியே வெள்ளையாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்தவருடைய முகம் முகமாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூடத்து முதலாளியும் வந்து பார்த்தார். முப்பது மேஜை வைத்திருக்கும் ஆள். தட்டில் படிந்த சேற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. மானியம் வருமா? வந்தாத்தான் கூடத்துல மாட்டுவேன்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் 'தூசில்லாத் தொழில்' என்று ஒரு திட்டம் அறிவித்திருந்தது. புதுக் கண்டுபிடிப்புகளைக் கைதூக்கி விடுவதற்காம். அங்கீகாரப் பட்டியலில் இருக்கிற மெஷினை வாங்கினால் விலையில் ஒரு பங்கை அரசாங்கம் போடும். பட்டியலில் இல்லாதது எத்தனை நல்லதாக இருந்தாலும் சல்லிக்காசு கிடையாது. பட்டியலில் ஏற்றுவதா, அது நம்ம வேலை ஆச்சே என்று நான் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாற்பத்திரண்டு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம்: மோட்டார் திறன். பூஜ்யம் என்று போட்டேன். கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் திட்டியது. எதிரே அலுவலகத்துக்கே போய்ச் சோதனை அதிகாரியைப் பார்த்தேன். நல்ல மனுஷன், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

"மோட்டாரே இல்லாத மெஷின் சார். அதுதான் இதோட விசேஷமே."

"எனக்குப் புரியாமலாம்மா? போன வாரம் நானே வந்து பாத்து அசந்துட்டேன். ஆனா புதுத் தொழில்நுட்பம்னா என்னன்னு மேல ஒரு விளக்கம் எழுதி வச்சிருக்காங்க. கரன்ட்ல ஓடணும்னு அதுல இருக்கு."

"அந்த விளக்கத்த மாத்த முடியாதா?"

"கமிட்டி கூடணும். வருஷத்துக்கு ஒரு தடவ கூடும். இந்த வருஷத்துக்குக் கூடிக் கலைஞ்சாச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்னதா ஒரு மோட்டார மாட்டிடுங்களேன். எங்கயாவது ஒரு மூலைல. சும்மா சுத்திட்டுப் போகுது."

அண்ணனிடம் சொன்னதும் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எதுக்குச் சுத்தணும்? காத்து அடிச்சா தண்ணி சிதறும், தூசி தப்பிச்சுப் போகும். கொஞ்சம் இரு. அடுத்த வருஷம் கமிட்டி கூடட்டும்."

"நீ இருப்ப அண்ணே. அவரு நெஞ்சு இருக்குமா?" என்றேன்.

அவன் எழுந்து பட்டறை மூலையைக் குடைந்தான். பழைய அரை எச்.பி. மோட்டார் ஒன்றைத் துடைத்து, திரையின் உச்சியில், கூரையைப் பார்த்தபடி ஒரு விசிறியோடு மாட்டினான். அது கூரைக்கு விசிறிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது கட்டத்தில் 0.5 என்று போட்டேன். கம்ப்யூட்டர் வாலைச் சுருட்டிக்கொண்டது. முப்பத்தொன்றாவது கட்டம், 'சோதனை விவரம், விருப்பமிருந்தால் மட்டும்' என்றிருந்தது. நான் விடுவேனா? பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதி, நேரம், தேய்த்தவர் பேர், கல்லின் எடை எல்லாவற்றையும் மணி மணியாக எழுதினேன்.

இரண்டு மாசத்தில் அங்கீகாரம் வந்தது. பட்டியலில் எங்கள் வரி இப்படி இருந்தது: 'மின்விசிறி வகைத் தூசி அகற்றி, அரை எச்.பி.' தண்ணீர் என்ற பேச்சே இல்லை. அண்ணன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "நான் செஞ்சது எங்க இருக்கு இதுல?" என்று கேட்டான். "பேருல என்ன இருக்கு, மெஷின் போனாப் போதும்" என்று அடக்கிவிட்டேன்.

அடுத்த மாசம் மானிய விகிதத்தை வெளியிட்டார்கள். மோட்டார் பெரிதாக இருந்தால் மானியமும் பெரிது. தொழில் பெரிதாக வளர வேண்டுமாம். ஒரு எச்.பி. வரைக்கும் விலையில் கால் பங்கு, மூன்று எச்.பி.யோ அதற்கு மேலோ என்றால் முக்கால் பங்கு. அறிவிப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஒரு பெரிய கம்பெனி 'மின்விசிறி வகைத் தூசி அகற்றி' என்று எங்கள் வரிக்குக் கீழேயே தன் வரியை ஏற்றிவிட்டது. புது வகையாக இருந்தால் சோதனைக்கே மாசக்கணக்கில் ஆகும். ஏற்கனவே இருக்கிற வகை என்றால் நேரே உள்ளே போகலாம். அந்த வகையை உண்டாக்கிக் கொடுத்தது யார்? நான்தான். தொட்டி இல்லை, தகரம் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று எச்.பி. மோட்டாரும் ஆள் உயர விசிறியும் மட்டும்.

முதலாளி அதில் பத்து வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு வயிற்றெரிச்சலோடு ஓடினேன்.

"உங்க அண்ணன் மெஷின்னா முக்கால்வாசி நான் போடணும். இதுக்கு முக்கால்வாசிய அரசாங்கம் போடுது. நீயே கணக்குப் பாரும்மா" என்றார்.

"அது தூசியப் பிடிக்காதுங்க. கெளப்பித்தான் விடும்."

"தூசி அகற்றின்னு பட்டியல்ல போட்டிருக்கே? அரசாங்கத்த விட உனக்கு அதிகம் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. முன்பு ஒருவன் தேய்த்த தூசியில் பாதியாவது அவன் மேஜையோடு கிடக்கும். இப்போது பத்து விசிறியும் சேர்ந்து அதை முப்பது பேருக்கும் சமமாகப் பங்கு போட்டன. தூசி அளக்க வருகிற அதிகாரி விதிப்படி விசிறிக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளிக் கருவியை வைப்பார், மூன்று எச்.பி. காற்று முழுக்க முன்பக்கம் போகும்போது பின்பக்கம் எப்படி இருக்கும்? அளவு பிரமாதமாக வந்தது. கருவி வைக்கும் இடத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் போட்டுவைத்தார்கள். வேலை செய்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தில் போய் நின்று மூச்சு விட்டுவிட்டு வந்தார்களாம். மேஸ்திரி பார்த்துவிட்டு, அது அரசாங்கம் அளக்கிற இடம், யாரும் நிற்கக் கூடாது என்று விரட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். இருமல் எதில் முடியும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எட்டு மாசத்தில் அவர் படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். ஆக்சிஜன் சிலிண்டரும் மருந்தும் வாங்கி மாளவில்லை. தொழில் நோய் நிவாரணத்துக்கு எழுதிப் போட்டேன். ஒரு கட்டமும் காலியில்லை. பதில் வந்த அன்று அண்ணனும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கவர் கனமாக இருந்ததால் நல்ல சேதி என்று நினைத்துச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்துவிட்டேன். மடத்தனம்.

விண்ணப்பதாரர் வேலை செய்யும் கூடத்தில் அங்கீகரிக்கப்பட்ட தூசி அகற்றிகள் உள்ளன. அங்கே காற்றின் தரம் தொடர்ந்து நல்ல நிலையில் இருக்கிறது. ஆகையால் நோய் அங்கே வந்திருக்க வழியில்லை. ஆனால் தொழில்துறைப் பதிவேட்டைப் பார்த்ததில், விண்ணப்பதாரர் தம் மனைவியின் அண்ணன் நடத்தும் பட்டறையில், அப்போது அங்கீகாரம் பெறாத ஒரு கருவியின் முன்னால், பதினோரு நாட்கள் கல் தேய்த்திருப்பது தெரிய வருகிறது. தேதியும் நேரமும் கல்லின் எடையும் கீழே கண்டபடி.

கீழே கண்டது முழுக்க நான் எழுதியது. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நிறுத்தியிருக்கலாம். கண் தன்பாட்டுக்கு இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது. அது அண்ணனுக்கு. தூசி நோய்க்குக் காரணமான பட்டறை என்பதால், முப்பது நாளுக்குள் மூன்று எச்.பி.க்குக் குறையாத தூசி அகற்றி ஒன்றை மாட்டாவிட்டால் பட்டறைக்குச் சீல் வைக்கப்படும்.

அண்ணன் எழுந்துவிட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான்தானா மாப்பிள்ள? என்னாலதானா?" என்றான்.

"லூசு மாதிரி பேசாதீங்க மச்சான். உக்காருங்க." அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. "கல்லு தேய்ச்சுக்கிட்டே நான் நல்லா மூச்சு விட்டது... அந்தப் பதினோரு ஞாயித்துக்கிழமதான்."

அண்ணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. எதிர்வரிசை அலுவலகத்தைக் கொளுத்த வேண்டும் போலிருந்தது. முதலில் என் கடையைக் கொளுத்த வேண்டும் போலிருந்தது.

இருபத்தெட்டாம் நாள் அண்ணன் மூன்று எச்.பி. விசிறியை வாங்கி மாட்டினான். பட்டறையில் இடம் போதவில்லை. தண்ணீர்த் திரையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டான். அதிகாரி வந்து, விசிறிக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி அளந்து பார்த்துவிட்டு, இப்போது இங்கே காற்று சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் போய் அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது.