பெட்டிக்குள் வைத்த சாமான்

மூக்குக்கண்ணாடி, நீலச் சேலை, வெற்றிலைப் பை எல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று. கடைசியில் கிற்றார் மாதிரியான நாலு தந்தி உகுலேலேயைத் தூக்கிக்கொண்டு வந்தார் பரராசசிங்கத்தின் தமக்கை கேதீஸ்வரி. செத்த வீட்டில் எது எங்கே இருக்கவேண்டுமென்று தீர்மானிக்க அவரை விட்டால் ஆளில்லை.

"சறோவின்ர கிற்றார். ஆசைப்பட்டு வாங்கினது. இதையும் வைப்பம், தம்பி."

"வையுங்கோ அக்கா," என்றார் பரராசசிங்கம். "அவவே கேட்டுத் தெரிஞ்செடுத்தது."

செத்துப்போன மனைவி சறோஜினிதேவி விரும்பிய ஒன்றும் வீட்டில் தங்கிவிடக்கூடாது என்பதுதான் காலையிலிருந்து அவருக்கிருந்த ஒரே யோசனை.

போன வருசம் யாழ்ப்பாணத்துக் கடையில் சின்னதும் பெரியதுமாக இரண்டு உகுலேலேயை வாசித்துக் காட்டினார்கள். சின்னதை வாசித்தபோது தந்தியில் நகம் படுவது மட்டும்தான் பரராசசிங்கத்துக்குக் கேட்டது. முப்பது வருசம் மில் எஞ்சினோடு நின்ற காது. அதை வெளியே சொன்னால் மரியாதை என்னாவது? நல்லாயிருக்கு என்று தலையை ஆட்டினார். பெரியது தடித்த குரலில் ஒலித்தது. அவரது விரல் தன்பாட்டில் மேசையில் தட்டியது.

"இதுதான் எனக்குப் பிடிச்ச சத்தம்," என்றார் சறோஜினிதேவி.

ஊருக்கு, நாரந்தனைக்குத் திரும்பும் பஸ்ஸில் பரராசசிங்கம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "உம்மட கைக்கு அது பெரிசு. விரலும் எட்டாது."

"எட்டும், எட்டும். நீங்கள் பேசாமல் வாங்கோ."

எட்டவில்லைதான். ஆனாலும் சறோஜினிதேவி பின்னேரங்களில் சமையலை முடித்துவிட்டுக் குசினி வாசலில் இருந்து வாசித்தார். பரராசசிங்கம் பேப்பர் படிப்பதுபோல் பக்கத்தில் இருந்தார்.

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. முற்றத்தில் பறை சற்று ஓய்ந்திருந்தது. பெட்டியை மூட ஆட்கள் வந்தபோது, சறோஜினிதேவியின் தங்கை மகள் கஜானி பரராசசிங்கத்தின் காதுக்குக் கிட்ட வந்தாள். பெரியம்மாவுக்கு வாசிக்கப் பழக்கினவள் அவள்தான்.

"பெரியப்பா, அந்தக் கிற்றாரை வைக்க வேண்டாம். பெரியம்மாவுக்குச் சின்னதின்ர சத்தம்தான் விருப்பம்."

"விசர்க்கதை கதையாதை. நானும் கடையில நிண்டனான்."

"நிண்டனீங்கள். ஆனால் உங்களுக்குக் கேக்கேல்லை. உங்கட முகத்தைப் பாத்துத்தான் மாத்தினவா. 'நான் மட்டும் கேட்டு என்ன செய்யிறது, அந்த மனுசனுக்கும் கேக்கவேணும்' எண்டு எனக்குச் சொன்னவா. உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவா."

பரராசசிங்கத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. காது விசயத்தை ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுபோகிறேன் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார். பிறகு, கோபித்துக்கொள்ளவும் இனி ஆளில்லை என்பது விளங்கியது. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ."

"என்ன தம்பி, நேரம் போகுது," என்றார் கேதீஸ்வரி.

"இது அவவின்ரையில்லை, அக்கா. என்ரை."

கேதீஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் விலகி நின்றார்.

பரராசசிங்கம் பெட்டிக்குள்ளிருந்து உகுலேலேயை இரண்டு கையாலும் தூக்கினார். சறோஜினிதேவியின் மூக்குக்கண்ணாடியின் வளைந்த காது தந்தியொன்றில் கொளுவுப்பட்டு விடுபட்டது. தடித்த தந்தி. ஒருதரம் ஒலித்து அடங்கியது.

அவருக்குக் கேட்டது.