பாசஞ்சர் வரட்டும்

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேத்தரின் அந்த ஜெபத்தை வாய்க்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பாதி வழியில் தடம் புரண்டது. உள்ளே அப்பா மரியசூசை, வெள்ளை வேட்டியும் விரல்களில் சுற்றிய ஜெபமாலையுமாக, எனக்கென்ன அவசரம் என்று படுத்திருந்தார்.

நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். பிறகு கோவில், பூசை, கல்லறை. அதற்குமுன் வீட்டில் கடைசியாக ஒரு ஜெபமாலை. அன்பியத்துக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தெருவிலுள்ள கிறிஸ்தவ வீடுகள் சேர்ந்து வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அந்த அன்பியத்துக்குக் கேத்தரின்தான் பொறுப்பாளர். எத்தனையோ சாவு வீடுகளில் தடங்கலில்லாமல் ஜெபமாலை சொன்னவளுக்கு இன்றைக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

எல்லாம் அப்பா வாங்கிக்கொண்ட சத்தியத்தால். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். "ஏம்மா, உங்கம்மாவப் பழைய ஜெபத்துலதான் அனுப்பி வச்சேன். எனக்கும் அதையே சொல்லிடு. புதுசச் சொன்னீங்கன்னா டிக்கெட்டு ஒரு ஊருக்கு, வண்டி ஒரு ஊருக்குன்னு ஆயிடும்." பொன்மலை ரயில்வே பட்டறையில் காலம் தள்ளிய மனுஷனுக்கு வேறெப்படிப் பேச வரும்!

"சத்தியமா சொல்றேன்ப்பா" என்றிருந்தாள்.

கோவிலில் ஜெபத்தின் தமிழ் மாறி வெகுகாலமாகிறது. 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' போய் 'தூய மரியே' வந்தது. 'மரண நேரத்திலும்' போய் 'இறப்பின் வேளையிலும்' வந்தது. ஊரே மாறியது, மரியசூசை மாறவில்லை. பழைய வார்த்தைகள் நீளம். அவர் சொல்லுகிற விதம் அதைவிட நீளம். மற்றவர்கள் முடித்து ஆமென் போட்ட பிறகும் அவர் குரல் மட்டும் தனியே வந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்னஸ் கண்ணைச் சிமிட்டி, "இருங்க, பாசஞ்சர் வரட்டும்" என்பாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லோரும் காத்திருப்பார்கள். ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் இதே கூத்து. கேத்தரினுக்கு மானம் போகும்.

"ஆரம்பிக்கலாமாக்கா?" இப்போது அக்னஸ் மெதுவாகக் கேட்டாள். "வார்த்தை வரலன்னா ஃபோன்ல தேடித் தரவா?"

"அப்பாவுக்குப் போயி ஃபோனைப் பாத்தா சொல்லுவாங்க? பொறந்ததுலேருந்து கேட்டதுதானே. வந்துரும். எல்லாரும் சேந்து சொல்ற மறுபாதியையும் நானே சொல்லிக்கிறேன்."

காது கேட்டதெல்லாம் வாய்க்கு வந்துவிடுமா என்ன? சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் பாதி ஒழுங்காக வந்தது.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின்..."

ஐயோ. நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதே இடத்தில் அதே 'இறப்பின்' முந்திக்கொண்டு வந்து நின்றது.

"முடியலப்பா..." பெட்டியின் மேல் நெற்றியை வைத்து வெடித்து அழுதாள். கேட்டது ஒரே ஒரு ஜெபம். இந்த மனுஷனுக்காக அதைக்கூடச் செய்ய முடியவில்லையே!

வாசலில் சாமியானா படபடத்துக்கொண்டிருந்தது.

"எங்கள் மர...ண நேரத்திலும்..."

அக்னஸின் குரல். 'மரண'வை இழுத்து, அங்கே ஒரு மூச்சு வாங்கி, மரியசூசை சொல்லுகிற அதே மாதிரி. கேலிக்காகப் பழகி வைத்திருந்த இழுப்பு அது.

"வேண்டிக்கொள்ளும்" என்று வீடே சேர்ந்து முடித்தது.

பழைய ஜெபத்தின் முன்பகுதி அங்கே ஒருவருக்கும் தெரியாது. கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். வாரா வாரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தபோது அவர்கள் கேட்டது அதைத்தானே.

அக்னஸ் கேத்தரினின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "நீங்க சொல்லிட்டு வாங்கக்கா. அந்த எடம் வந்ததும் நாங்க பாத்துக்கறோம்."

கேத்தரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த மணியைப் பிடித்தாள். அந்த இடம் வந்ததும் அவள் நிறுத்த, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவசரப்படவில்லை. மணிகள் மெல்ல நகர்ந்தன. கடைசிப் பத்து மணிகள் பாக்கியிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"கெளம்பலாங்களா? ஃபாதர் கோயில்ல காத்திருக்காங்களாம்."

அக்னஸ் திரும்பாமலே சொன்னாள். "இருங்கண்ணே. பாசஞ்சர் வரட்டும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டிரைவர் போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக நின்றார்.