எரியாமல் எடுத்த சட்டைக் கை

நோஃபெசிலே படம் பார்க்கிறவள் அல்ல, துணி பார்க்கிறவள். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் மகள் ஸிமாசா வைத்த கண்காட்சிக்குள் வந்தவள், போர்வையும் மணிச்சரமும் பழைய பாவாடைகளும் சேர்த்து ஒட்டிய பெரிய சுவர்த் தொங்கலின் முன்னால் நின்றுவிட்டாள். நடுவில் செம்மண் பூசிய ஒரு கறுப்புத் துணி.

“இந்த முழங்கை ஒட்டு நான் போட்டதுடி.”

ஸிமாசா அருகில் வந்தாள். அப்பா இறந்தபின் வருடம் முழுக்க அம்மா உடுத்திய துக்க உடை அது. வருடம் முடிந்த அன்று துக்கம் கழிக்க உறவெல்லாம் கூடிச் சோள பீர் குடிக்க, அத்தைதான் உடையை நெருப்பில் போட்டாள். அதற்குமுன் ஒரு கையை மட்டும் ஸிமாசா வெட்டி ஒளித்துவைத்திருந்தாள். அம்மாவின் அத்தனை அழுகையும் சாம்பலாகிவிட வேண்டுமா என்று அன்று அவளுக்குத் தோன்றியது. செம்மண் பூசினால் அம்மாவுக்கு அடையாளம் தெரியாது என்றும் நினைத்தாள்.

“அப்ப நான் இன்னும் துக்கத்துலதான் இருக்கேனா?”

“ஒரு கை தானேம்மா...”

கூட வந்த அத்தை விடவில்லை. “ஒரு கை தானா? ஊரைக் கூட்டிக் கொளுத்தினவ நான். எங்கண்ணன் கனவுல வந்து மிச்சம் எங்கடின்னு கேட்டா, உன் வீட்டு விலாசத்தக் குடுத்துடறேன்.”

அம்மா சிரிக்கவில்லை. சனிக்கிழமை மகன் லுதாண்டோவுக்குக் கல்யாணம். மருமகளை ஆடிப்பாடி அழைத்துவர வேண்டியவள் அவள். துக்கம் கழியாதவள் கல்யாணத்தில் முன்னே நிற்கக் கூடாது.

ஸிமாசா நகத்தால் துணியைப் பிய்த்துப் பார்த்தாள். பசை இறுகியிருந்தது, நூல்தான் வந்தது. தொங்கலையே இறக்கி ஊருக்குக் கொண்டுபோய், மாட்டுத் தொழுவத்துக்கு அருகே கொளுத்தினாள். ஒரு வருட வேலை, பிளாஸ்டிக் நாற்றத்தோடு எரிந்தது.

அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். “இது நீ மூட்டின நெருப்பு. அன்னிக்கு உங்கப்பா ஆளுங்க எல்லாரும் சேர்ந்து, நீ துக்கம் காத்தது போதும்னு சொல்லி எனக்குப் புதுத் துணி கட்டிவிட்டாங்க. அவங்கள மறுபடி கூட்டி பீர் காய்ச்ச, சனிக்கிழமைக்குள்ள முடியுமா?”

“யாருக்கும் தெரியாதேம்மா. நீ முன்னாடி நில்லு.”

“எனக்குத் தெரியுமே.”

கல்யாணத்தன்று அம்மா கொல்லைப்புறத்தில் சோளப் பானையருகே உட்கார்ந்திருந்தாள். மூட்டுவலி என்று எல்லோரிடமும் சொன்னவள் அத்தைதான். ஸிமாசா பக்கத்தில் முட்டைக்கோஸ் நறுக்கினாள். வாசலில் மணப்பெண் வந்து இறங்க, பெண்கள் குலவையிட்டார்கள். பழக்கத்தில் அம்மாவின் வாய் திறந்தது. உடனே கையால் பொத்திக்கொண்டாள்.